டெமோ பாப்பா

ஏப்ரல் 24, வியாழன்

சமூக அறிவியல் தேர்வோடு எட்டாம் வகுப்பு முடிந்தது. எல்லாரும் ஒருவர் சட்டையில் ஒருவர் மை தெளித்துக்கொண்டு கத்தினார்கள். நான் மெதுவாக நடந்து வந்தேன். எங்கள் வீட்டில் லீவு என்றால் சீசன். சனிக்கிழமை முதல் கூட்டம் வரும்.

சமையலறையில் கிரைண்டருக்கும் சுவருக்கும் நடுவில் உட்கார்ந்து எழுதுகிறேன். லைட் போட்டால் அப்பா எழுந்துவிடுவார். ஃபிரிட்ஜ் கதவைக் கொஞ்சம் திறந்து வைத்தால் இந்தப் பக்கத்துக்கு மட்டும் வெளிச்சம் போதும். கால்தான் சில்லிட்டுப் போகிறது.

என் வேலையைப் பற்றி வகுப்பில் யாருக்கும் சரியாகத் தெரியாது. ஏற்காட்டில் அப்பா நடத்துகிற 'குட்டிக் கழுகு' கேம்ப்பில் நான் டெமோ. காபித் தோட்டத்துக்கு நடுவே ஒரு பெரிய பள்ளம். இந்தப் பக்கம் ஒரு மேடை, அந்தப் பக்கம் ஒரு மேடை, நடுவில் கம்பி. அதுதான் ஜிப்லைன். ஊர்களிலிருந்து வருகிற பிள்ளைகள் மேடை வரைக்கும் குதித்துக்கொண்டு வருவார்கள். எங்களிடம் வேலை பார்க்கிற மாது அண்ணன் பெல்ட் கட்டி, கொக்கியைக் கப்பியில் மாட்டுவார். அப்போதுதான் கீழே பார்ப்பார்கள். பாதிப் பேர் அழுவார்கள். அப்பா இரண்டு முறை கை தட்டுவார். அது எனக்கு. எங்கே இருந்தாலும் நான் ஓடி வந்து பெல்ட் போட வேண்டும். அழுகிற பிள்ளையைப் பார்த்துச் சிரித்து, "பயமே இல்ல, பாரு" என்று சொல்ல வேண்டும். பிறகு இரண்டு கையையும் விட்டுவிட்டு "ஜாலி!" என்று கத்திக்கொண்டே பள்ளத்தின் மேல் போக வேண்டும். அதன் பிறகு அந்தப் பிள்ளை போய்விடும். போகாவிட்டால் அதன் அப்பாவோ அம்மாவோ, "பாரு, ஒரு பொம்பளப் புள்ள போறா, உனக்கென்ன?" என்பார்கள்.

"பெரியவங்க சொன்னா புள்ளைங்க நம்பாதுங்க. ஒரு புள்ள போனாத்தான் இன்னொரு புள்ள போகும்." இது அப்பாவின் கண்டுபிடிப்பு. மற்ற கேம்ப்காரர்கள் சாக்லேட் கொடுத்துப் பார்க்கிறார்கள். அப்பாவிடம் நான் இருக்கிறேன். ஏழு வயதிலிருந்து இருக்கிறேன்.

எனக்குப் பயம் என்பது அப்பாவுக்குத் தெரியாது. தெரிந்தால் அடிக்க மாட்டார். அவர் அடிக்கிறவர் இல்லை. முகம்தான் மாறும்.

ஏப்ரல் 26, சனி

நல்ல கூட்டம். ஹெல்மெட்டுகளின் உள்பக்கத்தை டெட்டால் தண்ணீரில் துடைத்தேன். ஊர் ஊராகத் தலை எண்ணெய் வாசனை. அம்மாவுக்கு வெங்காயம் உரித்துக் கொடுத்தேன். கேம்ப் சாப்பாடு முழுவதும் அம்மாதான். நடுநடுவே கைதட்டல் கேட்டுக்கொண்டே இருந்தது. ஒரு பையன் என் கையைப் பிடித்து, "அக்கா நீ ஸ்பைடர்மேன் தங்கச்சியா?" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அது நன்றாகத்தான் இருந்தது.

ஏப்ரல் 27, ஞாயிறு

தங்கை வர்ஷு படுக்கையை நனைத்துவிட்டாள். விடிவதற்குள் பெட்ஷீட்டைத் துவைத்துப் போட்டேன்.

ஏப்ரல் 30, புதன்

ஹெலிகாப்டர் வரப்போகிறது.

அப்பா சாயங்காலம் ஸ்கூட்டரை நிறுத்தாமலே கத்தினார். பெங்களூர் கம்பெனி ஒன்றோடு பேசி முடித்துவிட்டாராம். மே முழுவதும் எங்கள் கேம்ப்புக்குப் பக்கத்து எஸ்டேட் மைதானத்தில் ஹெலிகாப்டர் இறங்கும். பிள்ளைகளை ஏற்றி ஏரி, மலை, கொண்டை ஊசி வளைவு எல்லாம் சுற்றிக் காட்டிவிட்டு, அப்படியே எங்களிடம் விட்டுவிடுவார்கள். ஜிப்லைன், கயிற்றுப் பாலம், ராத்திரி கூடாரம், கேம்ப் ஃபயர். எல்லாம் சேர்த்து ஒரே பேக்கேஜ்.

"அந்தச் சத்தத்துக்கே பாதிப் புள்ளைங்க அலறும். அங்கயும் நந்துதான். சன்னலோரமா உக்காந்து கை ஆட்டிட்டே மேல போனான்னா போதும், கீழ நிக்கிறதெல்லாம் தானா கியூவுல வந்துரும்" என்றார் அம்மாவிடம். பிறகு என் தலையில் கை வைத்தார். "இந்த மலையில வேற எந்தப் பொண்ணுக்கும் இந்த யோகம் இல்ல கண்ணு."

வர்ஷுவுக்கு ஆறு முடிந்து ஏழு நடக்கிறது. அவள் தலைக்கு மேல் தட்டைச் சுற்றிக்கொண்டு வீடெல்லாம் ஓடினாள். "நானு? நானு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

மே 2, வெள்ளி

இன்று ஒரு அம்மா கெடுத்துவிட்டார். அவருடைய பையன் மேடையில் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்கவே இல்லை. கைதட்டல். நான் ஓடினேன். சிரித்தேன், சொன்னேன், போனேன். திரும்பி ஏறி வந்தால் பையன் அதே இடத்தில். அந்த அம்மா அப்பாவிடம் சொன்னார்: "அது வளந்த பொண்ணுங்க. அது போகும். எங்க பையன் சின்னவன் இல்லையா?"

"அதும் சரிதாங்க" என்று அப்பா சிரித்தார். ஆனால் என்னை மேலிருந்து கீழே பார்த்தார். பழைய வேனை விற்பதற்கு முன்னால் அதை அப்படித்தான் பார்த்தார்.

மத்தியானம் சாப்பிடும்போது கேட்டார்: "வர்ஷு, இந்த வருசம் நீ போறியா கம்பியில?"

"போறேம்ப்பா! இப்பவே!"

அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். "ஏங்க, அவளுக்கு எடையே இல்ல. பாதில நின்னுரும்."

"நந்துவும் அந்த வயசுலதான ஆரம்பிச்சா?"

"நந்து வேற."

"என்ன வேற?"

அம்மா கரண்டியை மறுபடி எடுத்துச் சோறு போட்டாள். அப்பாவே சொன்னார்: "சரி, ஹெலிகாப்டர் வர்ற வரைக்கும் நந்து தாங்குவா. அப்புறம் பாக்கலாம்."

வர்ஷுவுக்கு ஒன்றும் தெரியாது. நான் கம்பியில் பறப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறாள். அவளை மேடைக்குக் கூப்பிட விடக் கூடாது. அதற்கு ஒரே வழி நான் நன்றாகச் செய்வது. நான் போதும் என்று அப்பா நினைக்க வேண்டும்.

மே 3, சனி

குனிந்து நடந்தால் கொஞ்சம் குள்ளமாகத் தெரிகிறது. ராத்திரி சாப்பாடு வேண்டாம் என்றேன். பசி இல்லை. இரட்டைச் சடை போட்டு ரிப்பன் கட்டிக்கொண்டேன். மாது அண்ணன், "என்னம்மா, ரெண்டாங்கிளாசுக்குத் திரும்பிப் போயிட்டியா?" என்றார்.

இன்று அழுத பிள்ளைகள் எல்லாரும் போனார்கள். ஒருவரும் பின்வாங்கவில்லை. அப்பா மூன்று முறை "சபாஷ்" என்றார்.

மே 6, செவ்வாய்

அம்மா வர்ஷுவை அயோத்தியாப்பட்டணத்தில் அத்தை வீட்டுக்கு அனுப்பிவிட்டாள். லீவுக்கு அங்கே பிள்ளைகள் இருக்கிறார்கள், விளையாடட்டும் என்று அப்பாவிடம் சொன்னாள். கூட்டிப்போக வந்த அத்தையோடு பஸ் ஏற்றிவிட்டு வந்து வெகுநேரம் அடுப்புப் பக்கமே திரும்பி நின்றாள்.

வர்ஷு இல்லாமல் அறை பெரிதாக இருக்கிறது.

மே 7, புதன்

பெட்ஷீட் துவைத்தேன். வெயில் இல்லை. காயவில்லை.

மே 9, வெள்ளி

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. காலையில் அது வந்துவிட்டது.

எனக்கு விவரம் தெரியும். வகுப்பில் பாதிப் பேருக்கு ஆகிவிட்டது. ரஞ்சனிக்கு ஆனபோது அவள் மாமா பச்சை ஓலையில் குச்சு கட்டி, அவளை அதில் உட்கார வைத்தார்கள். தனித் தட்டு, தனிப் பாய். சீர் முடியும் வரை வாசலுக்குக்கூட வரவில்லை. எனக்கும் அப்படித்தான் செய்வார்கள். அப்புறம் மாது அண்ணன் எனக்கு எப்படி பெல்ட் கட்டுவார்? பெரிய மனுஷி ஆன பெண்ணைக் கம்பியில் தொங்க விட்டால் சொந்தக்காரர்கள் காறித் துப்புவார்கள். நாளை ஹெலிகாப்டர் வருகிறது. நான் குச்சுக்குள் உட்கார்ந்தால் மேடையில் யார் நிற்பது?

அதனால் யாருக்கும் சொல்லவில்லை. பின்பக்கம் துவைக்கிற கல்லில் உட்கார்ந்து துவைத்துக்கொண்டிருந்தேன். அம்மா வந்து வாளியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"எப்ப இருந்துடி?"

"காலைல."

என் கையைப் பிடித்து பாத்ரூமுக்குள் இழுத்துத் தாழ்ப்பாள் போட்டாள். என் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். அம்மாவின் புடவையில் புளிசாதம் வாசனை.

"அம்மா, குச்சு கட்டாதம்மா. வர்ஷுவ ஏத்திருவாங்க."

"கட்டல. யாருக்கும் சொல்லாத. சீசன் முடியட்டும்."

"அப்பாவுக்கு?"

"அப்பாவுக்கும்தான். உனக்கும் எனக்கும் மட்டும்."

மத்தியானம் ஸ்டோர் ரூமில் வைத்து, யாரும் பார்க்காமல், பச்சை முட்டையை உடைத்து ஊற்றி நல்லெண்ணெயும் குடிக்கக் கொடுத்தாள். குமட்டியது. அவள் கை என் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தது. வயிறு வலிக்கிறது, பயமாகவும் இருக்கிறது. ஆனாலும் இன்றைக்கு மாதிரி ஒரு நாள் வந்ததில்லை. எனக்கும் அம்மாவுக்கும் மட்டும் ஒரு விஷயம்.

அப்பா சேலத்திலிருந்து வரும்போது எனக்கு மட்டும் ஒரு பாக்கெட் பேரீச்சம்பழம் வாங்கி வந்தார். "எதுக்குப்பா?" என்றேன். "நாளைக்கு ஹெலிகாப்டர் ஏறப்போறவ இல்ல? தெம்பா இருக்கணும்" என்றார். என் முகத்தைப் பார்க்காமல் செருப்பைக் கழற்றினார்.

மே 10, சனி

ஹெலிகாப்டரில் போனேன்.

வந்து இறங்கியபோது மைதானத்துத் தூசி எல்லாம் எழுந்து கண்ணை மறைத்தது. காபிச் செடிகள் படுத்து எழுந்தன. வேடிக்கை பார்க்க வந்த கிழவர் ஒருவரின் துண்டு பறந்தே போய்விட்டது. அவர் பின்னாலேயே ஓட, எல்லாரும் சிரித்தார்கள். கறுப்புக் கண்ணாடி போட்ட கேப்டன் என் பெயரைக் கேட்டார். சத்தத்தில் "இந்திரா?" என்றார். தலையாட்டிவிட்டேன்.

என்னைச் சன்னலோரம் உட்கார வைத்தார்கள். சேலத்திலிருந்து வந்த இரண்டு குடும்பங்கள் கூட இருந்தன. சீட்டின் ஓரத்தை இறுகப் பிடித்துக்கொண்டேன். கறுப்பு பேண்ட், அதன் மேல் நீள டாப்ஸ். எல்லாம் அம்மா பார்த்துப் போட்டுவிட்டது. கிளம்பியதும் வயிறு கீழேயே நின்றுவிட்டது போல இருந்தது. அப்புறம் ஒன்றுமே இல்லை.

எனக்குப் பயமாகவே இல்லை.

கதவு மூடி இருந்தது. நான் எதுவும் செய்ய வேண்டியதில்லை, அதுவே போனது. யாரும் என்னைப் பார்க்கவில்லை, எல்லாரும் வெளியே பார்த்தார்கள். ஏரி ஒரு கண்ணாடித் துண்டு மாதிரி இருந்தது. படகுகள் எறும்பு. மலைச் சாலையில் பஸ் ஒன்று வளைந்து வளைந்து இறங்கியது. எங்கள் வீட்டைக் கண்டுபிடித்தேன். மொட்டை மாடியில் பெட்ஷீட் காய்ந்தது. ஜிப்லைன் கம்பி தெரியவே இல்லை. அவ்வளவு மெல்லியதா அது? பக்கத்தில் இருந்த சின்னப் பெண் என் தொடையில் கை ஊன்றி எட்டிப் பார்த்து, "ஐயோ, எங்க கார்!" என்று கத்தினாள். நானும் கத்தினேன். எனக்காகவே கத்தினேன். இங்கே வருகிற பிள்ளைகளுக்கெல்லாம் இப்படித்தான் இருக்குமா?

இறங்கியதும் அப்பா ஓடி வந்தார். "ஏன் கை ஆட்டல?"

மறந்துவிட்டது.

"மேல போகும்போதும் ஆட்டல, வரும்போதும் ஆட்டல. கீழ நின்ன ரெண்டு புள்ளைங்க ஏற மாட்டேன்னு போயிருச்சு. எதுக்கு உன்ன ஏத்துனேன்?"

வர்ஷு அவருக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். காலையிலேயே போய் அத்தை வீட்டிலிருந்து அழைத்து வந்துவிட்டாராம். ஹெலிகாப்டர் பார்க்கட்டும் என்று.

மே 11, ஞாயிறு

எழுத்து கோணலாக வருகிறது.

சென்னையில் ஒரு பெரிய அடுக்குமாடிக் குடியிருப்பிலிருந்து பிள்ளைகள் வந்திருந்தார்கள். கூட ஒரு மேடம். காலையில் ஹெலிகாப்டர் சுற்று. நான் கை வலிக்க வலிக்க ஆட்டினேன். மத்தியானம் ஜிப்லைன். பெல்ட் தொடையிடுக்கில் இறுக்கும்போதெல்லாம் கறை பட்டிருக்குமோ என்று டாப்ஸை இழுத்து இழுத்து விட்டேன். கைதட்டல். ஓடு. சிரி. போ. படி ஏறி வா. மறுபடி கைதட்டல்.

ஷ்ரேயா என்று ஒரு பெண். வர்ஷு வயதுதான் இருக்கும். மேடையின் கம்பத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். மேடம், "நீ போகலேன்னா உங்க டாடிக்கு வீடியோ அனுப்புவேன்" என்றார். அப்பா தட்டினார். நான் போய் அவள் முன்னால் குந்தினேன். "பயமே இல்ல, பாரு" என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

அவள் என் காதுக்குப் பக்கத்தில் வந்து கேட்டாள்: "அக்கா, நிஜமா சொல்லு. பயமா இருக்காதா?"

இதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை. எல்லாரும் நான் சொல்வதைக் கேட்பார்கள், அவ்வளவுதான்.

"இருக்கும்" என்றேன்.

"உனக்குமா?"

"எனக்கு எப்பவும் இருக்கும். வேணாம்னா ஏறாத."

மெதுவாகத்தான் சொன்னேன். ஆனால் பின்னால் நின்ற பையன் கேட்டுவிட்டான். "டேய், அந்த அக்காவுக்கே பயமாம்டா!" உடனே ஒவ்வொருவராக ஹெல்மெட்டைக் கழற்ற ஆரம்பித்தார்கள். ஒரு பெண் படியில் இறங்கியே விட்டாள். மேடம் அப்பாவைப் பார்த்தார். "என்ன சார் இது? சேஃப் இல்லையா?"

அப்பா சிரித்தார். ரொம்ப நன்றாகச் சிரித்தார். "எம் பொண்ணு காமெடி பண்றா மேடம். இவளுக்குப் பயமா? இப்ப பாருங்க." என் தோளில் கை வைத்து ஓரமாகத் தள்ளினார். மெதுவாகத்தான் தள்ளினார். பிறகு கை தட்டவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.

"வர்ஷு!"

அவள் படியில் ஓடி வந்த வேகத்தில் ஒரு செருப்பு கழன்று விழுந்தது. அதை எடுக்கக்கூட இல்லை. நான், "அப்பா, நான் போறேன், நான் போறேம்பா" என்றேன். அவர் காதில் விழவில்லை. மாது அண்ணனைப் பார்த்தேன். அவர் வர்ஷுவின் பெல்ட்டில் கடைசி ஓட்டை வரை இழுத்து மாட்டிக்கொண்டிருந்தார். "அண்ணா, எடை இல்லண்ணா." "அப்பா சொல்றாரும்மா" என்றார். நிமிரவில்லை.

போனாள். "ஜாலி" என்று சரியாகச் சொன்னாள். பாதி வரை வேகமாகப் போனவள் அப்புறம் மெதுவாகி, மெதுவாகி, நடுவில் நின்றுவிட்டாள். எடை போதாவிட்டால் அப்படித்தான் கம்பி தொய்கிற இடத்தில் நின்றுவிடும். கீழே முழுப் பள்ளம். காற்றில் இப்படியும் அப்படியும் சுற்றினாள். பிள்ளைகள் எல்லாரும் அவளையே பார்த்தார்கள்.

அப்பா மைக்கை எடுத்தார். "வர்ஷு! சிரி கண்ணு! கை ஆட்டு!"

அவள் ஆட்டினாள். இரண்டு கையையும் விட்டு ஆட்டினாள்.

"பாத்தீங்களா குட்டீஸ்? நடுவுல நின்னாலும் சிரிக்கிறா! ஆறு வயசு! இப்ப யாருக்குப் பயம்?"

எல்லாரும் கை தட்டினார்கள். இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு மாது அண்ணன் கம்பியில் போய் அவளை அந்தக் கரைக்கு இழுத்துக்கொண்டு போனார். அதற்குள் இங்கே கியூ நின்றுவிட்டது. ஷ்ரேயாவும் போனாள். அழுதுகொண்டே போனாள். மேடம் அதை வீடியோ எடுத்தார்.

எனக்கும் ஏழு வயதில் ஒருமுறை அப்படி நின்றது. அப்போதும் அப்பா சிரி என்றார். இதை இதுவரை எழுதவில்லை.

வர்ஷு திரும்பி ஏறி வந்தபோது உதட்டில் சிரிப்பு அப்படியே இருந்தது. அதை எடுத்து வைக்க அவளுக்குத் தெரியவில்லை. அப்பா அவளைத் தோளில் தூக்கிக்கொண்டார்.

மே 12, திங்கள்

காலையில் காபி குடித்துக்கொண்டே அப்பா அம்மாவிடம் சொன்னார்: "நவமணி, ஆத்தூருக்கு போன் போட்டு உங்கண்ணனுக்குச் சொல்லிரு. புள்ள பெரியவளாயிட்டான்னு. குச்சு கட்டட்டும்."

நான் வாசல் பெருக்கிக்கொண்டிருந்தேன்.

அவருக்குத் தெரியும். வெள்ளிக்கிழமையே தெரியும். பேரீச்சம்பழம் வாங்கி வந்த அன்றே.

அம்மாவை ஸ்டோர் ரூமுக்கு இழுத்துக்கொண்டு போய்க் கேட்டேன். "நீ சொல்லிட்டியா?"

"அவருகிட்ட சொல்லாம எப்படிடி இருக்க முடியும்? அன்னைக்கே குச்சு கட்டறேன்னுதான் சொன்னேன். அவருதான், சீசன் முடியட்டும், அதுவரைக்கும் அவளுக்கு நான் தெரிஞ்சமாதிரி காட்டிக்கல, நீயும் சொல்லாதேன்னாரு."

"அப்ப நமக்குள்ளன்னு சொன்ன?"

அம்மா மூட்டையிலிருந்து அரிசியை அள்ள ஆரம்பித்தாள். படி நிறைந்து வழிந்தது. மறுபடியும் அள்ளினாள். "நீ இருந்தா வர்ஷுவக் கேக்க மாட்டாருன்னு நெனச்சேன்டி. நீயே வாயக் குடுத்துக் கெடுத்துக்கிட்ட."

அம்மா சொன்னது சரிதான். நான்தான் கெடுத்தேன்.

மே 14, புதன்

கதிரேசன் மாமா ஆத்தூரிலிருந்து பச்சைத் தென்னை ஓலை கொண்டு வந்து, வீட்டின் பின்பக்கம் குச்சு கட்டினார். மாமாவுக்கு ரொம்ப சந்தோஷம். "எம் மருமவ ஹெலிகாப்டர்ல எல்லாம் போனவளாமே!" என்றார். ஜோசியர் வந்து நாழிகை கேட்டார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் என்று அம்மா சொன்னாள். அவர் விரல்விட்டுக் கணக்குப் போட்டு, ரொம்ப நல்ல நட்சத்திரம், புகுந்த வீட்டுக்கு யோகம் என்று ருது ஜாதகம் எழுதினார். அப்பா பயபக்தியோடு வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

நோட்டைப் பாவாடைக்குள் மறைத்து எடுத்து வந்திருக்கிறேன். இங்கே ஃபிரிட்ஜ் இல்லை. குச்சுக்கு வெளியே எரிகிற பல்பின் வெளிச்சம் ஓலை இடுக்கில் கோடு கோடாக விழுகிறது. அந்தக் கோட்டில் எழுதுகிறேன்.

மே 17, சனி

உளுந்தங்களி, நல்லெண்ணெய், முட்டை. அத்தைகள் வந்து கன்னத்தைத் திருகிவிட்டுப் போகிறார்கள். நான் ஒன்றும் செய்ய வேண்டாமாம். உட்கார்ந்தே இருந்தால் போதுமாம்.

குச்சிலிருந்து மேடை தெரியாது. சத்தம் கேட்கும். முதலில் ஹெலிகாப்டர். ஓலை எல்லாம் படபடவென்று அடித்துக்கொள்ளும். கொஞ்ச நேரம் கழித்துப் பிள்ளைகள். அப்புறம் கைதட்டல். எனக்குக் கால் தானாக எழுந்துவிடுகிறது. எழுந்து நின்று, அது எனக்கு இல்லை என்று ஞாபகம் வந்து உட்கார்கிறேன். கப்பி கம்பியில் உரசும் சத்தம். "ஜாலி!" என்ற குரல்.

இப்போது அவள் நடுவில் நிற்பதில்லை. இடுப்பில் ஒரு பையைக் கட்டி, அதில் தண்ணீர் பாட்டில்களை நிரப்பிவிடுகிறார்களாம். மாது அண்ணன் சாப்பாடு வாங்க வந்தபோது அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். "நல்ல ஐடியாங்க" என்றார்.

மே 19, திங்கள்

இன்று வர்ஷு குச்சு வாசலில் வந்து நின்றாள். தொடக் கூடாது என்பதால் தள்ளியே நின்றாள். தொடையில் பெல்ட் பட்ட இடம் சிவந்திருந்தது. "வலிக்குதா?" என்றேன். "இல்லியே" என்று சிரித்தாள். வாடிக்கையாளர்களுக்குச் சிரிக்கிற சிரிப்பு.

மே 25, ஞாயிறு

சீர் நடந்தது. கேம்ப் சாப்பாட்டுக் கொட்டகையிலேயே மேடை போட்டார்கள். பட்டுப் புடவை, ஜடை அலங்காரம், கழுத்தை நிமிர்த்த முடியாத மாலை. மாமா தாய்வீட்டுச் சீர் வைத்தார். எல்லாரும் வரிசையாக வந்து பன்னீர் தெளித்து நலங்கு வைத்தார்கள். அப்பா ஒவ்வொருவரிடமும், "புள்ளைங்களுக்கு இன்னைக்குக் கம்பி ஃப்ரீ, ஏத்தி விடுங்க" என்றார்.

சொந்தக்காரப் பிள்ளைகள் எல்லாரும் ஓடினார்கள். ஒரு சித்தி மகன் கம்பி மேடையில் போய் அழுதான். கொட்டகையில் உட்கார்ந்திருந்த எனக்கே கேட்டது. பெரியவர்கள் சிரித்தார்கள். வர்ஷு பட்டுப் பாவாடையைக் கழற்றிப் போட்டுவிட்டு பேண்ட் மாட்டிக்கொண்டு ஓடினாள்.

"சின்னது பெருசவிட தைரியம்" என்றாள் ஒரு அத்தை, என் நெற்றியில் குங்குமம் வைத்துக்கொண்டே. "நீ நேரா உக்காரு கண்ணு. போட்டோல கூன் விழுந்தமாதிரி இருக்க."

நேராக உட்கார்ந்தேன். வீட்டில் எல்லாரையும்விட உயரமாக இருக்கிறேனாம்.

மே 27, செவ்வாய்

மறுபடியும் வீட்டுக்குள், வர்ஷுவோடு ஒரே அறையில். விடிவதற்கு முன்னால் விழித்தேன். அவள் இருட்டில் உட்கார்ந்து பெட்ஷீட்டைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். சத்தம் வராமல் சுருட்டத் தெரியவில்லை அவளுக்கு. நான் எழுந்து வாங்கிக்கொண்டேன். பின்பக்கம் போய் இரண்டு பேரும் சேர்ந்து துவைத்தோம். இரண்டு முனையையும் பிடித்து முறுக்கிப் பிழிந்தோம்.

"அம்மாகிட்ட சொல்லாத" என்றாள்.

மே 30, வெள்ளி

சாயங்காலம் அவளுக்குத் தலை வாரிவிட்டுக்கொண்டிருந்தேன். ஹெல்மெட் போட்டுப் போட்டு முடி சிக்காகிவிட்டது. எண்ணெய் தொட்டு ஒவ்வொரு சிக்காக எடுத்தேன். அவள் என் முழங்காலில் சாய்ந்துகொண்டு, ஜன்னல் கம்பியைத் தடவிக்கொண்டே கேட்டாள்.

"அக்கா, நீ போகும்போது உனக்குப் பயமா இருந்துச்சா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். ஷ்ரேயாவிடம் சொன்னேன். யாரென்றே தெரியாத பெண்ணிடம் சொன்னேன். ஆனால் நாளை சனிக்கிழமை. சீசனின் கடைசி வாரம், ஹெலிகாப்டர் ஞாயிற்றுக்கிழமையோடு போய்விடும், கேம்ப் முழுக்க புக்கிங். நான் ஆமாம் என்றால் அவள் மேடையில் போய் நின்று அதை நினைப்பாள். எப்படியும் போகத்தான் வேண்டும். நினைத்துக்கொண்டு போவது இன்னும் மோசம். எனக்குத் தெரியும்.

"இல்ல" என்றேன்.

"ஒரு தடவகூடவா?"

"ஒரு தடவகூட."

இன்னொரு சிக்கை எடுத்தேன். பிறகு தலையைத் திருப்பாமல் சொன்னாள்.

"அப்ப எனக்கு மட்டுந்தானா."

நான் பின்னலை முடித்து ரிப்பன் கட்டினேன். அவள் எழுந்து போய்ப் படுத்துக்கொண்டாள்.

இப்போது தூங்குகிறாள். தூக்கத்தில் விரல்கள் எதையோ பிடித்துப் பிடித்து விடுகின்றன. எழுப்பிச் சொல்லிவிடலாம் என்று இரண்டு முறை அறைக்குப் போய் வந்துவிட்டேன். நாளைக்குக் கூட்டம் அதிகம், அவள் தூங்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமையும் அப்படித்தான். திங்கட்கிழமை பள்ளி திறக்கிறது. அதற்குப் பிறகு சொல்கிறேன்.